களிமண்ணில் தலைச்சிலை: மண் பதம் முதல் சூளை வரை

தலைச்சிலை பழக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் நாளே கண்ணில் கை வைக்கிறார்கள். ஒரு மண் உருண்டை, அதில் இரண்டு குழி, நடுவில் மூக்கு. சாயங்காலத்துக்குள் இமை வரை வந்துவிடும், ஆனால் யார் முகம் என்று அடையாளம் தெரியாது. உடனே கண்ணைத் திருத்துவார்கள், மறுபடியும் திருத்துவார்கள். கோளாறு கண்ணில் இருக்காது. மண்டைக்குப் பின்பக்க ஆழம் போதாமல் இருக்கும், அல்லது கழுத்து தூண் மாதிரி நட்டுக்குத்தலாக நிற்கும்.

அதனால் இங்கே வரிசைக்குத்தான் முதலிடம். அசல் அளவில், கழுத்தோடு சேர்ந்த ஒரு தலையைக் களிமண்ணில் செய்து, உள்ளே குடைந்து, சுட்டு எடுப்பது வரை பார்க்கப் போகிறோம். முழு உருவத்துக்குப் போகிறவர்களுக்குக் கடைசியில் ஒரு பகுதி இருக்கிறது. தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்க முடிந்தால் முதல் தலைக்கு மூன்று வாரம் பிடிக்கும். காய்வதற்கும் கிட்டத்தட்ட அதே அளவு நாள் வேண்டும்.

1. தொடங்கும் முன் சேர்க்க வேண்டியவை

மண் 15 கிலோ. 12 கிலோவிலேயே முடிந்துவிடலாம், ஆனால் பாதி வேலையில் மண் தீர்ந்து புதிதாகக் குழைத்தால் இரண்டு மண்ணின் ஈரமும் ஒத்துப்போகாது. ஒட்டிய இடத்தில் விரிசல் விடும்.

கருவிகள் குறைவாகப் போதும்: கம்பி வளையம் வைத்த சுரண்டி பெரியது ஒன்று, சிறியது ஒன்று, மூங்கில் அல்லது மரக் குச்சிக் கருவிகள் இரண்டு, தட்டிச் சமன் செய்ய ஒரு சின்ன மரக்கட்டை, மண் அறுக்க மெல்லிய கம்பி, தண்ணீர் தெளிக்கும் பாட்டில், பழைய பருத்தி வேட்டித் துணி, பெரிய பாலிதீன் பை.

இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை அளக்கும் காலிப்பர் கட்டாயம் வேண்டும். வளைந்த கால்கள் உள்ள சாதாரணக் காலிப்பரே போதும். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கண்ணளவை நம்பி வேலை செய்கிற பழக்கம் வந்த பிறகு அதை மாற்றுவது கஷ்டம்.

சிலையைச் சுழற்ற ஒரு சுழல்மேசை வேண்டும். சிலையின் கண் உங்கள் கண் மட்டத்தில் இருக்குமாறு உயர்த்தி வையுங்கள், நின்றுகொண்டே வேலை செய்யுங்கள். கீழே குனிந்து பார்த்துச் செய்த தலையை மேடையில் ஏற்றினால் நெற்றியும் தாடையும் அளவு மாறித் தெரியும்.

வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து, சற்று மேலிருந்து வரட்டும். நடுக் கூரையில் டியூப் லைட் மட்டும் இருந்தால் மேடு பள்ளம் கண்ணுக்குப் படாது.

2. மண்ணைப் பதப்படுத்துதல்

பக்கத்தில் பானை செய்கிறவர்கள் இருந்தால் அவர்களிடமே மிதித்த மண்ணாக வாங்குங்கள். மானாமதுரை போல மண் வேலைக்குப் பேர்போன ஊர்களில் சிரமமே இல்லை. குளத்து மண்ணை நீங்களே எடுத்தால், காயவைத்து உடைத்து, இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, கூழாகக் கரைத்துச் சல்லடையில் வடிகட்டுங்கள்.

வடிகட்டுவது வேர், கல்லை எடுக்க மட்டுமல்ல. மண்ணில் சுண்ணாம்புக்கல் துணுக்கு ஒன்று தங்கிவிட்டால் சூளையில் அது சுட்ட சுண்ணாம்பாகிவிடும். அப்புறம் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, சில நாள் கழித்துக் கன்னத்தில் ஒரு சில்லைப் பெயர்த்துத் தள்ளும். சுட்டு எடுத்துச் சந்தோஷப்பட்ட பிறகு நடக்கிற சேதம் இது. கிளிஞ்சல் கலந்த கடல் மணலும், பிளாஸ்டர் துணுக்குகளும் மண்ணில் சேரவே கூடாது என்பதும் இதனால்தான்.

வெறும் களிமண் தலைச்சிலைக்கு ஆகாது. சுட்ட ஓட்டைப் பொடித்துச் சலித்த தூளையோ, சலித்த ஆற்று மணலையோ ஐந்தில் ஒரு பங்கு வரை சேர்த்துப் பிசையுங்கள். இது சுருக்கத்தைக் குறைக்கும், கனமான பகுதியிலிருந்து ஈரம் வெளியேற வழி விடும். அய்யனார் கோயில் குதிரைகளுக்கு மணலும் உமியும் வைக்கோலும் கலப்பதற்கும் காரணம் இதுதான்.

பதம் பார்ப்பது எளிது. பென்சில் கனத்துக்குத் திரி உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடித்தால் ஈரம் போதாது, கையில் அப்பினால் அதிகம். விரலில் ஒட்டாமல், வெடிக்காமல் வளைய வேண்டும்.

3. உள்சட்டம்

18 மி.மீ. பிளைவுட்டில் 35 செ.மீ. சதுரப் பலகை. ஈரத்தில் உப்பாமல் இருக்க இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். அடியில் இரண்டு ரீப்பர் கட்டை அடித்தால் விரல் நுழைத்துத் தூக்க முடியும். நடுவில் பைப்பைப் பலகையில் பொருத்தும் வட்டத் தகடான ஃபிளாஞ்ச் வைத்து, முக்கால் இன்ச் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை 28 செ.மீ. உயரத்துக்கு நிறுத்துங்கள். பிளம்பிங் கடையில் எல்லாம் கிடைக்கும்.

பைப்பைச் செய்தித்தாளால் சுற்றி, அதன் மேல் பாலிதீன் சுற்றுங்கள். மேல் பாதியில் செய்தித்தாளைக் கசக்கி இறுக்கிக் கட்டி, முட்டை வடிவம் கொண்டுவாருங்கள்: உயரம் 15, முன்பின் ஆழம் 12, அகலம் 8 செ.மீ. அதன் மேலும் பாலிதீன் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.

முட்டை ஏன் இவ்வளவு சின்னது? வளர்ந்த ஒருவரின் தலை தோராயமாக 22 செ.மீ. உயரம், 19 ஆழம், 15 அகலம். அந்த அளவுகளுக்குள் இந்த முட்டை உட்கார்ந்தால் சுற்றிலும் மூன்றரை செ.மீ. மண் நிற்கும். பின்னால் சுரண்டிக் குறைக்க அந்தக் கனம் வேண்டும். சட்டம் பெரிதானால் கண்குழி தோண்டும்போது காகிதம் எட்டிப் பார்க்கும், அப்போது திரும்பப் போக வழியே இல்லை.

பிளாஸ்டர் அச்சு எடுப்பதாக இருந்தால் அலுமினியக் கம்பி வளையங்களால் சட்டம் கட்டுவார்கள். சுடப்போகிற தலைக்குள் கம்பி இருக்கக் கூடாது. காயும்போது மண் சுருங்கும், கம்பி சுருங்காது, நடுவில் மண் கிழியும்.

4. அளவும் படமும்

எதிரில் ஒரு ஆள் உட்காருவது நல்லது. வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அவரையே கேளுங்கள். எலும்பு தெளிவாகத் தெரிகிற வயதான முகம் பழகுகிறவருக்கு வழிகாட்டும். குழந்தை முகம் பார்க்கச் சுலபம் போலிருக்கும், பிடிமானத்துக்கு ஒரு எலும்பும் வெளியே தெரியாது.

காலிப்பரால் எடுக்க வேண்டியவை: ஒரு காதுத்துளையிலிருந்து மறு காதுத்துளை வரை, கன்ன எலும்புகளின் அகலம், தாடை நுனியிலிருந்து உச்சி வரை. அப்புறம் காதுத்துளையிலிருந்து நான்கு அளவு: தாடை நுனிக்கு, மூக்கின் அடிக்கு, புருவ நடுவுக்கு, பின்மண்டைக்கு. கண்ணுக்குப் பக்கத்தில் காலிப்பர் நுனியைக் கொண்டுபோகவே கூடாது.

காதுத்துளையை ஏன் மையமாகப் பிடிக்கிறோம் என்றால், முகம் சிரித்தாலும் சுருங்கினாலும் அது நகராது. இரண்டு காதுப்புள்ளிகள் சரியாக இருந்தால், அங்கிருந்து காலிப்பரை நீட்டி மற்ற எந்தப் புள்ளியையும் பிடித்துவிடலாம்.

அளவுகளை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சுட்ட பிறகு சிலை ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதற்காக எல்லா அளவையும் கூட்டிக்கொள்ளலாம் என்றாலும், முதல் தலையில் வேண்டாம். அசல் அளவிலேயே செய்து, கொஞ்சம் சின்னதாக வருவதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

படம் எடுப்பதில் எல்லோரும் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. கைப்பேசியை முகத்துக்கு அருகில் பிடித்தால் மூக்கு பெரிதாகி, காது பின்னால் ஒளிந்துவிடும். அந்தப் படத்தைப் பார்த்துச் செய்த தலை ஒடுங்கித்தான் வரும். மூன்று மீட்டர் தள்ளி நின்று, ஜூம் செய்து, அவருடைய கண் மட்டத்திலிருந்து, சுற்றிலும் எட்டுக் கோணத்தில் எடுங்கள்.

5. மண்டையும் கழுத்தும்

எலுமிச்சை அளவு மண் எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்றுங்கள். பெரிய அடையாகத் தட்டி ஒட்டினால் உள்ளே பொந்து விழும், பின்னால் அந்த அடை அப்படியே உரியும்.

முதலில் முட்டை வடிவ மண்டை, அதன் கீழே தாடைக்கு ஆப்பு போல ஒரு கட்டி, அப்புறம் கழுத்து. கழுத்து செங்குத்தாக நிற்காது, மார்பிலிருந்து முன்னோக்கிச் சாய்ந்து தலையைத் தாங்குகிறது. பக்கத்திலிருந்து பார்த்தால் பிடரியில் கழுத்து தொடங்கும் இடம் மேலேயும், முன்கழுத்துக் குழி கீழேயும் இருக்கும். காதுக்குப் பின்னாலிருந்து கழுத்துக்குழிக்கு இறங்குகிற இரண்டு தசைகளை இப்போதே ஏற்றிவிடுங்கள். தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைச் சொல்வதே அவைதான்.

அட்டையில் எழுதியதை விட எல்லா இடத்திலும் அரை செ.மீ. குறைவாக நிறுத்துங்கள். ஏற்றுவது சுலபம். அளவுக்கு மேல் போன முகத்தைச் சுரண்டும்போதுதான் வடிவம் குழம்புகிறது.

இப்போது தீக்குச்சிகளை எடுங்கள். காதுத்துளை இரண்டுக்கும் ஒவ்வொன்று. அங்கிருந்து காலிப்பர் வைத்துத் தாடை நுனி, மூக்கின் அடி, புருவ நடு, பின்மண்டை ஆகிய புள்ளிகளில் ஒவ்வொரு குச்சியைக் குத்தி, அதன் தலை சரியான தூரத்தில் நிற்குமாறு அழுத்துங்கள். மண் எவ்வளவு வரை ஏற வேண்டும் என்பதைக் குச்சியே சொல்லும். முகம் முடியும் வரை இவற்றைப் பிடுங்காதீர்கள்.

6. முதலில் பக்கத்தோற்றம்

முன்பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். நேர் பக்கத்திலிருந்து தெரியும் விளிம்புக்கோடு நெற்றிச் சாய்வு, மூக்கு, தாடை, பின்மண்டை எல்லாவற்றையும் ஒரே வரியில் தீர்த்துவிடும். அது சரியானால் பாதி அடையாளம் வந்துவிட்டது. சிலைக்குப் பின்னால் வெறும் சுவர் இருக்கட்டும், விளிம்பு தெளிவாகத் தெரியும்.

இங்கே இரண்டு பிழைகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். ஒன்று, கண்ணை மேலே வைப்பது. கண் இருப்பது உச்சிக்கும் தாடைக்கும் சரியாக நடுவில். நம் கவனம் முகத்திலேயே நிற்பதால் கண்ணுக்கு மேலேயும் அதே அளவு தலை இருப்பது மனதில் பதிவதில்லை. இரண்டு, பின்மண்டையைத் தட்டையாக விடுவது. பக்கத்திலிருந்து பார்த்தால் காது தலையின் நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும், அதற்குப் பின்னாலும் தாராளமாக மண்டை இருக்கும்.

பக்கம் முடிந்ததும் முன்பக்கம், பிறகு இரண்டுக்கும் நடுவிலுள்ள முக்கால் கோணம், பிறகு மேலிருந்தும் கீழிருந்தும். ஒரே பக்கத்தில் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காதீர்கள். பிரெஞ்சுச் சிற்பி ரோதான் இப்படித்தான் ஒவ்வொரு கோணத்தின் விளிம்பாகப் பிடித்து உருவத்தைச் சுற்றி வருவார். சிலையைத் திருப்பினால் எதிரில் இருப்பவரையும் அதே அளவு திரும்பி உட்காரச் சொல்லுங்கள்.

7. தளங்களாகப் பிரித்தல்

மரக்கட்டையால் தட்டி முகத்தைத் தட்டைத் தளங்களாக ஆக்குங்கள். நெற்றிக்கு ஒரு முன் தளம், இரண்டு பக்கத் தளம். கன்னத்துக்கு முன்னோக்கியது ஒன்று, காதை நோக்கித் திரும்புவது ஒன்று. தாடைக்கு அடித்தளம் ஒன்று. இதை மறப்பவர்கள் அதிகம், மறந்தால் தாடை கழுத்தோடு வழிந்துவிடும்.

முகம் இந்தக் கட்டத்தில் முரட்டுத்தனமாக இருக்கும், இருக்கட்டும். நான்கு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். கண்ணும் வாயும் இல்லாமலேயே ஆள் யார் என்று மெல்லத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அடுத்த படிக்குப் போகாமல் காலிப்பரை எடுத்துப் பெரிய அளவுகளைச் சரிபாருங்கள்.

8. மூக்கு, வாய், கண், காது

மூக்கு ஆப்பு வடிவம்: மேல் ஒன்று, பக்கம் இரண்டு, அடி ஒன்று என நான்கு தளம். அதன் வேர் புருவங்களுக்கு நடுவில் உள்ளே அமுங்கியிருக்கும். முதலில் அந்த நான்கு தளம், நாசித் துவாரம் கடைசியில்.

வாயைக் கோடு கிழித்துத் தொடங்காதீர்கள். உதடுகள் பல்வரிசையின் வளைவு மேல் படிந்திருப்பவை. முதலில் அந்த வளைவை மூக்கின் கீழே ஒரு குவிந்த மேடாக ஏற்றுங்கள். மேலிருந்து பார்த்தால் வாயின் ஓரங்கள் நடுவை விட நன்றாகப் பின்னால் போயிருக்க வேண்டும். மேலுதட்டில் நடுவில் ஒரு மேடு, பக்கத்துக்கு ஒன்று; கீழுதட்டில் இரண்டு. மீசைக்காரராக இருந்தால் மேலுதட்டை முழுதாகச் செய்துவிட்டு அதன் மேல் மீசையை ஏற்றுங்கள். நேரடியாக மீசை வைத்தால் ஒட்டு மீசையாகவே தெரியும்.

கண்ணுக்கு நேரம் ஒதுக்குங்கள். முதலில் குழி, புருவ எலும்பின் அடியில் நிழல் விழும் ஆழத்துக்கு. அதில் 2.4 செ.மீ. விட்டமுள்ள மண் உருண்டையை வையுங்கள், மனித விழியின் அளவு அதுதான். புருவத்தையும் கன்ன எலும்பையும் தொடுமாறு ஒரு குச்சியைச் செங்குத்தாக வைத்தால் விழி அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். முட்டினால் முழித்த கண்ணாகிவிடும்.

இமை என்பது விழியின் மேல் போர்த்திய கனமுள்ள பட்டை. மேலிமைக்கு நான்கு மி.மீ. கனத்தில் திரி உருட்டி, விழியின் உருண்டையைத் தொடர்ந்து ஒட்டுங்கள். கீழிமை அதை விட மெல்லியது. வெளி ஓரத்தில் மேலிமை கீழிமையைத் தாண்டிச் சற்று இறங்கும். வெளி ஓரம் உள் ஓரத்தை விடப் பின்னாலும் இருக்கும். மேலிருந்து எட்டிப் பார்த்தால் உடனே தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் மேலிமை முன்னால், கீழிமை பின்னால். இந்த நான்கையும் இரண்டு கண்ணிலும் சரிபாருங்கள். ஒரு கண்ணை முழுதாக முடித்துவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள், இரண்டையும் படிப்படியாகச் சேர்ந்தே வளர்க்க வேண்டும்.

பார்வை வர, கருவிழி இடத்தைக் கிண்ணமாகக் குடைந்து, மேல் ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கு மண்ணை மட்டும் விட்டுவிடுங்கள். குடைந்த இடம் இருட்டாகும், துணுக்கு வெளிச்சத்தைப் பிடிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிற்பி ஊடோன் செய்த முகங்கள் நம்மைப் பார்ப்பது போலிருப்பதற்கு இதுதான் வழி.

காது கடைசியில்தான். அளவெடுக்க அந்தத் தீக்குச்சி வேண்டும் என்பது ஒரு காரணம், துருத்தி நிற்பதால் சீக்கிரம் காய்ந்து முறியும் என்பது இன்னொன்று. புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடையில், சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்து உட்காரும்.

முகத்தின் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருக்காது. ஒரு புருவம் ஏறியிருக்கும், மூக்கு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கும். சமமாக்கிவிடாதீர்கள், ஆளின் அடையாளம் அதில்தான் இருக்கிறது.

9. முடியும் மேற்பரப்பும்

முடியை இழை இழையாகக் கீறாமல் கொத்தாக, ஒரு பருமனாக ஏற்றுங்கள். கொண்டை வைப்பதானால் மண்டை முழுதாக முடிந்த பிறகு. பொட்டு, மூக்குத்தி போன்றவை மண் தோல் பதத்துக்கு, அதாவது அழுத்தினால் நெளியாமல் நகம் மட்டும் பதிகிற பதத்துக்கு, வந்த பிறகு.

தண்ணீர் தொட்டுத் தேய்த்து வழவழப்பாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். தளங்கள் கரைந்து முகம் சோப்பு போலாகிவிடும், மேலே படியும் சேறு காயும்போது வெடிக்கும். சுரண்டியின் தடமும் விரல் தடமும் இருப்பதே அழகு.

10. ஈரத்தைக் காப்பது

ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் தண்ணீர் தெளித்து, ஈரத்துணி போர்த்தி, பாலிதீன் பையால் மூடி அடியில் கட்டுங்கள். முகம் உருவான பிறகு துணி நேரடியாக மூக்கிலும் இமையிலும் படக் கூடாது. பலகையில் நான்கு குச்சி நட்டுக் கூடாரமாகப் போர்த்துங்கள். வேலை செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். சித்திரை வெயிலில் ஒரு மதியத்தில் காது காய்ந்துவிடும், தலை ஈரமாகவே இருக்கும், சேருமிடத்தில் கீறல் விடும்.

11. குடைதல், காய்தல், சுடுதல்

தோல் பதம் வந்ததும் முடி தொடங்கும் இடத்துக்குப் பின்னால் கம்பியால் அறுத்து, மண்டையின் மேல்பகுதியை மூடி போல எடுங்கள். அறுக்கும் முன் கோட்டின் குறுக்கே இரண்டு மூன்று அடையாளக் கீறல் போட்டால் திரும்பப் பொருத்துவது எளிது. காகிதத்தை உருவி எடுத்து, வளையச் சுரண்டியால் உள்ளே குடையுங்கள். சுவர் எங்கும் 2 செ.மீ. கனம் இருக்கட்டும். மூக்கு, தாடை, கழுத்துத் தசை உள்ள இடங்களில் மண் தடித்து நிற்கும், அங்கே கவனமாகக் குடையுங்கள்.

தலையைப் பைப்பிலிருந்து மேல்நோக்கி உருவி எடுங்கள். அறுத்த இரண்டு விளிம்புகளையும் கீறி, அதே மண்ணின் குழம்பைத் தடவி, மூடியை அழுத்தி ஒட்டுங்கள். கழுத்தின் அடி திறந்தே இருக்க வேண்டும்.

காற்றுக்குமிழிதான் சூளையில் வெடிக்க வைக்கும் என்று சொல்வார்கள். உண்மையில் வெடிக்க வைப்பது ஈரம். 100 டிகிரியில் அது நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரை உடைக்கிறது. ஆகவே நிழலில், முதல் வாரம் தளர்வாக மூடி, பிறகு திறந்து, மூன்று வாரமாவது காயவிடுங்கள். கன்னத்தில் உங்கள் கன்னத்தை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

பானைச் சூளையில் கொடுத்தால், நெருப்பு வாய்க்கு நேரே வைக்காமல் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மின்சூளையானால் 100 டிகிரியைத் தாண்டும் முன் பல மணி நேரம் மெல்லச் சூடேற்றுங்கள். 573 டிகிரியில் மண்ணில் உள்ள குவார்ட்ஸ் சட்டென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். ஏறும்போதும் இறங்கும்போதும் அங்கே அவசரம் கூடாது. 900 முதல் 1000 டிகிரி போதும். சூளை முழுதாக ஆறாமல் கதவைத் திறக்காதீர்கள்.

12. முழு உருவத்துக்குப் போகிறவர்களுக்கு

இரண்டு மூன்று தலை முடித்த பிறகு, 40 செ.மீ. உயரத்தில் நிற்கும் உருவம் ஒன்று செய்யுங்கள். சாதாரண ஆளின் உயரம் ஏழரைத் தலை, உடம்பின் நடு இடுப்பின் முன் எலும்பில் வரும். கோயில் சிற்ப மரபின் தாளக் கணக்கை இதோடு கலக்காதீர்கள். அங்கே ஒரு தாளம் என்பது முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடை வரையுள்ள முகத்தின் நீளம், இங்கே அளவுகோல் உச்சி வரையுள்ள முழுத் தலை. இரண்டும் கலந்தால் கால் நீண்டுபோகும்.

சட்டத்துக்கு 3 மி.மீ. அலுமினியக் கம்பியை இரட்டையாக முறுக்குங்கள். பின்னால் தனியாக ஒரு கம்பியை நிறுத்தி இடுப்பைத் தாங்க வையுங்கள், கணுக்கால் அந்த எடையைத் தாங்காது. கம்பி உள்ளே இருப்பதால் இதைச் சுட முடியாது, பிளாஸ்டர் அச்சுதான் எடுக்க வேண்டும். கொல்கத்தாவில் மண் சிலை செய்கிறவர்களின் பகுதியான குமார்துலியில் மூங்கிலில் வைக்கோல் கட்டி அதன் மேல் மண் பூசுகிறார்கள். மண் சுருங்கும்போது வைக்கோல் அமுங்கிக் கொடுக்கும், சுடாமலே வண்ணம் தீட்டிவிடுவார்கள்.

எடை ஒரு காலில் இருந்தால் அந்தப் பக்க இடுப்பு ஏறும், அந்தப் பக்கத் தோள் இறங்கும், கழுத்துக்குழியிலிருந்து விட்ட தூக்குநூல் அந்தப் பாதத்தில் விழும். தசையில் கை வைக்கும் முன் வெறும் கம்பியிலேயே இந்தச் சாய்வுகளை வளைத்துவிடுங்கள், அப்புறம் மாற்ற முடியாது. மெரினாவில் 1959 முதல் நிற்கும் தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பின்பக்கமாகப் போய்ப் பாருங்கள். தரையில் ஊன்றிய காலிலிருந்து முதுகு வழியாகக் கைக்கு விசை போகும் பாதை அங்கே தெளிவாகத் தெரியும்.

முதல் உருவத்துக்கு நீட்டிய கை வேண்டாம். கை இடுப்பிலோ தொடையிலோ ஊன்றியிருக்கட்டும். அந்தரத்தில் நிற்கும் மெல்லிய கை உடம்பை விட வேகமாகக் காய்ந்து, ஒவ்வொரு காலையும் தோளில் புதிதாக ஒரு விரிசலைக் காட்டும். உருவத்தைக் கவனிக்க வேண்டிய நேரமெல்லாம் அதைப் பூசுவதிலேயே போய்விடும்.